‘கடலை போட்டிருக்கா?’ என்று கேட்டால் போதாது

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 11 வயது, எடை 32 கிலோ. நாலு வயதில் கடலைமிட்டாய் தின்றபோது உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் நிலக்கடலை, முந்திரி இரண்டுக்கும் ஒவ்வாமை என்று வந்தது. "அளவு குறைவுதான், லேசான அலர்ஜி" என்று அப்போது சொன்னார்களாம். அதிலிருந்து வீட்டில் இரண்டையும் வாங்குவதில்லை. வெளியே சாப்பிட்டால் மரச்செக்கு எண்ணெயில் சமைக்கும் கடை, இல்லாவிட்டால் சுத்த சைவக் கடை. சாரல் காலத்தில் பையனுக்கு இளைப்பு வரும், அதற்கு அவ்வப்போது இன்ஹேலர்.

இரண்டு மாதத்துக்கு முன் குடும்பத்தோடு கொல்லம் போய்விட்டுத் திரும்பும் வழியில், தென்மலை தாண்டி ஓர் ஓட்டலில் பரோட்டாவும் சிக்கன் குருமாவும் வாங்கியிருக்கிறார்கள். "இதுல கடலை போட்டிருக்கா?" என்று இவர் கேட்க, பரிமாறிய பையன் "இல்லா சேச்சி" என்றிருக்கிறான். பாதிப் பரோட்டா இறங்குவதற்குள் மகன், "அம்மா, நாக்குல எறும்பு ஓடுது" என்றான். அப்புறம் உதடு வீங்கியது. வாந்தி, இருமல், மூச்சிழுப்பு. ஒரு செட்டிரிசின் மாத்திரை கொடுத்து இருபது நிமிடம் பார்த்திருக்கிறார்கள். குறையவில்லை என்றதும் காருக்கு நடத்திக் கூட்டிப்போய், மலை இறங்கி, ஊர் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தொடையில் ஓர் ஊசி போட்ட பத்தாவது நிமிடம் பிள்ளை பேசியிருக்கிறான். பிற்பாடு உறவினர் ஒருவர் அந்த ஓட்டலில் விசாரித்தபோது, குருமாவில் அண்டிப்பரிப்பு அரைத்து விட்டதாகச் சமையல்காரர் சாதாரணமாகச் சொன்னாராம். அதாவது முந்திரி.

இப்போது வீட்டில் மூன்று கட்சி. இனி வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்கிறார் கணவர். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்கிறார் ஆச்சி. பொய் சொன்ன ஓட்டல்காரர்மேல் கேஸ் போட வேண்டும் என்கிறார் இவர். இதற்கிடையில் கொழுந்தனார் மகனுக்குப் புனலூரில் பெண் எடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கல்யாணம், இலை போட்டுச் சத்யா விருந்து. பையன் கேட்டிருப்பது ஒன்றுதான்: "நான் இனி பரோட்டாவே சாப்பிட முடியாதா?"

அம்மா, அவன் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் கோபத்துக்கு வருவோம். அந்தப் பையன் உங்களிடம் பொய் சொன்னான் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கேட்டது நிலக்கடலையை. மலையாளக் காதில் ‘கடல’ என்றால் கொண்டைக்கடலை, புட்டுக்கு ஊற்றிக்கொள்கிறார்களே அந்தக் கடலக்கறி. சிக்கன் குருமாவில் கொண்டைக்கடலை கிடையாது. அவன் இல்லை என்றான், அது உண்மை. முந்திரியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, அவனும் சொல்லவில்லை. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று மலையாளப் பக்கம் இருந்த ஊர். இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே, சொல் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றுதான் என்று நம்பிவிடுகிறோம்.

மலைக்கு இந்தப் பக்கமும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. நம் சமையல்கட்டில் எத்தனை கடலை! பொரிகடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு, நிலக்கடலை. எனக்குத் தெரிந்த ஒரு பரோட்டா மாஸ்டரிடம் "சால்னாவுக்குக் கடலை அரைப்பீர்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆமா சார், பொரிகடலையும் தேங்காயும் கசகசாவும்" என்றார். "நிலக்கடலை?" என்றதும் கொஞ்சம் யோசித்து, "தேங்காய் விலை ஏறினா ஒரு கை போடுவோம்" என்றார். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது.

கடையில் எப்படிக் கேட்பது

ஆகவே ‘கடலை’ என்ற சொல்லைத் தனியாகப் பயன்படுத்தவே வேண்டாம். தமிழ்நாட்டுப் பக்கம் ‘நிலக்கடலை’, ‘முந்திரிப்பருப்பு’. கேரளத்தில் நிலக்கடலைக்குக் ‘கப்பலண்டி’ என்றும் ‘நிலக்கடல’ என்றும் சொல்வார்கள், முந்திரிக்கு ‘அண்டிப்பரிப்பு’, ‘கசுவண்டி’. இரண்டிலும் ‘அண்டி’ வருவதால் ஒன்றை மட்டும் சொன்னால் குழப்பம்தான், இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மலையாளம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். "இந்தப் பிள்ளைக்கு நிலக்கடலையும் முந்திரியும் துளி பட்டாலும் மூச்சு அடைக்கும். அரைத்துவிட்ட விழுது, தூவினது, அதே எண்ணெயில் பொரித்தது எதுவும் ஆகாது. சந்தேகம் இருந்தால் தர வேண்டாம், வருத்தப்பட மாட்டோம்." அந்தக் கடைசி வரி முக்கியம். வந்த வியாபாரத்தை விட மனசில்லாமல்தான் பல கடைகளில் ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

அட்டையைப் பரிமாறுபவரிடம் கொடுத்து என்ன ஆகப்போகிறது? அவர் காலையில் வேலைக்குச் சேர்ந்தவராகக்கூட இருப்பார். மசாலா அரைத்தவர் யாரோ அவர் கண்ணில் படவேண்டும். பகல் ஒன்றரை மணிக்குக் கூட்டத்தில் போய்க் கேட்டால் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். பன்னிரண்டுக்கு முன்னால் போங்கள், இல்லை மூன்று மணிக்கு மேல். "இதில் முந்திரி இருக்கா?" என்று கேட்பதைவிட, "குருமா கெட்டியாக வர என்ன சேர்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குத் தலையாட்டலே பதிலாகிவிடும். இரண்டாவதற்குச் சமையல்காரர் வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

எதைத் தொடவே கூடாது என்று நீங்கள் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். முழுப் பட்டியல் யாராலும் தர முடியாது. நான் மிகவும் பயப்படும் சிலதைச் சொல்கிறேன். குருமா, சால்னா போல அரைத்துவிட்ட எந்தக் குழம்பும். ஓட்டல் தேங்காய்ச் சட்னி. புளியோதரை. முந்திரிப் பக்கோடா பொரித்த எண்ணெயிலேயே போடும் வடை, பஜ்ஜி. பேக்கரியில் மிக்சர் அள்ளிய அதே கரண்டியால் அள்ளித்தரும் நேந்திரங்காய்ச் சிப்ஸ். அப்புறம் யாரும் நினைத்துப் பார்க்காத இடம் ஜூஸ் கடை. கேரளத்து அவில் மில்க்கில் வறுத்த நிலக்கடலை விழும், ஷார்ஜா ஷேக்கில் கடலையோ முந்திரியோ பல கடைகளில் சேரும். உங்கள் மகன் வெறும் மாதுளை ஜூஸ் கேட்டாலும் அதே மிக்சி ஜார்தான், இரண்டு சுற்றுத் தண்ணீர் விட்டு அலசியது. இளநீர் வாங்கிக் கொடுங்கள்.

நீங்கள் நம்பியிருந்த மூன்று விஷயங்கள்

மரச்செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று தேடிப் போயிருக்கிறீர்கள். உங்கள் மகனுக்கு அது தலைகீழ். ஒவ்வாமையைக் கிளப்புவது நிலக்கடலையில் இருக்கும் புரதம். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக நீங்கிவிடுகிறது, செக்கில் ஆட்டிய எண்ணெயில் தங்கிவிடுகிறது. மரச்செக்குக் கடை என்றால், எந்த எண்ணெய் என்பதுதான் முதல் கேள்வி. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் என்றால் அவனுடைய இந்த இரண்டு ஒவ்வாமைகளைப் பொறுத்தவரை பிரச்சினை இல்லை. ஆனால் நிலக்கடலையையும் அதே செக்கில்தான் ஆட்டுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவக் கடை பத்திரம் என்ற நினைப்பும் அப்படித்தான். இறாலுக்கோ மீனுக்கோ ஒவ்வாதவர்களுக்கு அது பொருந்தும். முந்திரிக்கு ஒவ்வாதவருக்கு வெண்பொங்கல், கிச்சடி, கேசரி, நெய்ச்சோறு என்று சைவக் கடைதான் கண்ணிவெடி நிலம். மேலே கிடக்கும் பருப்பைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கலாமே என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பருப்பு வறுபட்ட நெய் முழுக்கக் கலந்திருக்கும். எவ்வளவு வெந்தாலும் வறுபட்டாலும் அந்தப் புரதம் அடங்குவதில்லை. சானிடைசர் தடவினாலும் கையில் ஒட்டியது போகாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, ‘லேசான அலர்ஜி’. ரத்தப் பரிசோதனையில் வரும் எண், ஒவ்வாமை இருக்கக்கூடிய வாய்ப்பைச் சொல்லும். அடுத்த தடவை எவ்வளவு மோசமாக வரும் என்பதைச் சொல்லாது. போன தடவை தடிப்போடு நின்றது என்பதும் அடுத்த தடவைக்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்திய வரி பரோட்டாவைப் பற்றியது இல்லை, சாரல் காலத்து இளைப்பைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒற்றை வரி. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு உணவு ஒவ்வாமை வந்தால் ஆபத்து கூடுதல். இளைப்பு வரும்போது மட்டும் இன்ஹேலர் என்பதை விட்டு, தினசரி மருந்து தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

அந்த இருபது நிமிடம்

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் பகுதியில் படித்தவர்கள்கூட இதைத்தான் செய்கிறார்கள். செட்டிரிசினும் ஏவிலும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். மூச்சுக்குழாய் சுருங்குவதையோ ரத்த அழுத்தம் சரிவதையோ அவை நிறுத்தாது. அதை நிறுத்தும் மருந்து ஒன்றே: அட்ரினலின். ஆஸ்பத்திரியில் தொடையில் போட்ட அந்த ஊசி அதுதான். அதை எவ்வளவு தாமதிக்கிறோமோ அவ்வளவு ஆபத்து.

வெளிநாடுகளில் பேனா மாதிரி அழுத்திக்கொள்ளும் ஊசி கொடுத்தனுப்புவார்கள். நம் ஊர் மருந்துக்கடையில் அது எளிதில் கிடைக்காது. அதனால் மருத்துவர் எழுதிக்கொடுத்து, 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள அட்ரினலின் ஆம்பூல் (சிறு கண்ணாடிக் குப்பி) இரண்டு, 1 மி.லி. சிரிஞ்சு இரண்டு, ஓரங்குல ஊசி இரண்டு வைத்துக்கொள்வதுதான் வழி. மலிவான மருந்துதான். இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம், அதன் ஊசி குட்டை, தசைக்குப் போகாது. கணக்கு கிலோவுக்கு 0.01 மி.கி., உங்கள் மகன் எடைக்குச் சுமார் 0.3 மி.லி. வரும். இந்த அளவை உங்கள் மருத்துவர் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும், சிரிஞ்சில் அந்தக் கோட்டில் சிவப்பு மை வைத்துத் தரச் சொல்லுங்கள். நான் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு போட்டுவிடாதீர்கள். ஆம்பூலை உடைத்து, உறிஞ்சி, சாத்துக்குடியில் குத்தி, நீங்களும் கணவரும் நாலைந்து தடவை பழகுங்கள். டப்பாவைக் கார் டேஷ்போர்டில் வைக்கக் கூடாது, ஃப்ரீசரிலும் கூடாது. வெளிச்சம் படாமல் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். காலாவதி தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

எப்போது போடுவது? ஒவ்வாததைச் சாப்பிட்டிருக்கலாம் என்ற நிலையில் மூச்சிழுப்பு, தொண்டை இறுக்கம், குரல் மாறுவது, தலைசுற்றி விழுவது, இவற்றில் ஒன்று வந்தாலே போடலாம். தடிப்போ வீக்கமோ வந்து, கூடவே ஓயாத வாந்தி என்றாலும் போடலாம். தோலில் எதுவுமே தெரியாமலும் வரும், தடிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். தொடையின் வெளிப்பக்க நடுவில், செங்குத்தாக. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். காருக்கு நடத்திக் கூட்டிப்போனோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் இன்னொரு முறை செய்யாதீர்கள். ரத்த அழுத்தம் சரிந்திருக்கும்போது எழுந்து நடந்தால் அங்கேயே விழுந்துவிடலாம். தூக்கிக்கொண்டு போங்கள். ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இரண்டாவது ஊசி. தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிதான், சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்பி வருவது உண்டு. 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லையோரம் நின்று கூப்பிடும்போது ஊர்ப் பெயரோடு எந்த மாநிலம் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சொந்த ஊர் ஆஸ்பத்திரி என்று மலை ஏறி இறங்க வேண்டாம், எது பக்கமோ அங்கே.

இந்த ஊசி இதயத்தைப் பாதிக்குமே என்று உங்கள் கணவர் தயங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். தசையில் சரியான அளவில் போடும்போது பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் படபடப்பு, கை நடுக்கம், முகம் வெளுப்பது வரும், பிறகு அடங்கிவிடும். தேவையில்லாமல் ஒரு தடவை போட்டுவிட்டதால் வரும் கெடுதலைவிட, தேவையானபோது போடாமல் விட்டதால் வரும் கெடுதல் பல மடங்கு.

ஆச்சி சொல்வதில் ஒரு பாதி

ஆச்சியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. ஆபத்து அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள்ளேயே நிலக்கடலையைத் தகுந்த வடிவில் கொடுக்கத் தொடங்கினால் ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைகிறது என்று லண்டனில் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியாகி, உலகம் முழுக்க ஆலோசனையே மாறியது. ஆனால் அது வராமல் தடுப்பதற்கு. வந்துவிட்ட 11 வயதுப் பிள்ளைக்கு வீட்டில் கால் பருப்பு, அரைப் பருப்பு என்று கொடுத்துப் பார்ப்பது வேறு கதை. சிறு அளவில் தொடங்கிப் பழக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. ஒவ்வாமை நிபுணர் மேற்பார்வையில், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் மருத்துவமனையில் வைத்து, மாதக்கணக்கில் செய்வது அது. ஆச்சிக்கு இதைச் சொல்லி, அவர் கையிலேயே அந்த அட்டையைக் கொடுங்கள். பேரனுக்காகச் சமையல்கட்டுவரை போய்ச் சண்டை போட அவரைவிட ஆள் கிடைக்காது.

நிலக்கடலை ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்கு வளர வளரத் தானாகவே போய்விடுவதும் உண்டு. போய்விட்டதா என்று பார்ப்பதும் ஆஸ்பத்திரியில்தான்.

புனலூர்க் கல்யாணம்

தாராளமாகப் போங்கள். சத்யா இலையில் பெரும்பாலானவை தேங்காயும் தயிரும் காய்கறியும்தான், முந்திரி முக்கியமாக வருவது பாயசத்தில். முந்தின நாள் சாயங்காலம் பெண் வீட்டாரை அழைத்துக்கொண்டு தலைமைச் சமையல்காரரான தேகண்டக்காரரைப் பாருங்கள், நம் பக்கத்துத் தவசிப்பிள்ளை மாதிரி அவர்தான் அங்கே எல்லாம். நெய்யில் வறுத்த அண்டிப்பரிப்பைக் கொட்டுவது பாயசம் இறக்கும் கட்டத்தில். கொட்டுவதற்கு முன்னால், அதுவரை பருப்புப் படாத கரண்டியால் ஒரு தூக்குச்சட்டி பாயசம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். உப்பேரி, அதாவது இலையில் வைக்கும் நேந்திரங்காய்ச் சிப்ஸ், என்ன எண்ணெயில், எதோடு சேர்ந்து பொரிந்தது என்றும் கேளுங்கள். பிள்ளையை முதல் பந்தியில் உட்கார வையுங்கள், பந்தி ஏற ஏறக் கரண்டிகள் இடம் மாறும். சந்தேகமான பதார்த்தம் இலையில் விழுந்துவிட்டால் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல், இலையையே மாற்றுங்கள்.

கேஸ் போடலாமா

நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய உரிமம் பெற்ற, அல்லது பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள உணவகங்கள்தான் மெனுவில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும். மலையோரத்துத் தனி ஓட்டலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாக்கெட்டில் அடைத்த தின்பண்டத்துக்கு உண்டு, நிலக்கடலையும் கொட்டைப்பருப்புகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தெளிவாகக் கேட்டும் தவறான பதில் சொல்லி அதனால் பாதிப்பு வந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம், ஓட்டல் கேரளத்தில் இருந்தாலும். ஆனால் உங்கள் விஷயத்தில் நீங்கள் கேட்டது ‘கடலை’, இருந்தது முந்திரி. என்னைக் கேட்டால் அந்த ஓட்டலுக்கு ஒரு கடிதம் எழுதுவேன்: உங்கள் குருமாவில் முந்திரி இருப்பதை ஒரு பலகையில் எழுதிப்போடுங்கள் என்று.

இனி உங்கள் மகனுக்கு.

தம்பி, பரோட்டா சாப்பிடலாம். சால்னா வேண்டாம், குருமா வேண்டாம். அம்மா வீட்டில் வைத்த குழம்பைத் தூக்கில் எடுத்துக்கொள். சாயங்காலம் கல் காய்ந்ததும் முதல் ஆளாகப் போ. ராத்திரி ஆனால் அதே கல்லில் சால்னாவை ஊற்றிக் கொத்துப் பரோட்டா அடிப்பார்கள், அதற்கப்புறம் அந்தக் கல் உனக்கு ஆகாது. மாஸ்டரிடம் அட்டையைக் காட்டி, மாவிலும் தேய்க்கும் எண்ணெயிலும் என்ன இருக்கிறது என்று நீயே கேள். அம்மா கேட்கட்டும் என்று நிற்காதே. நாக்கில் மறுபடி எறும்பு ஓடினால், வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு அந்த நிமிடமே சொல்.